துணிவும் தாய்மையும்: நினைவுகூர்தலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

மறைந்தோரை நினைவுகூர்தல் மனித சமுதாயங்கள் அனைத்துக்கும் பொதுவானதொரு வழக்கமாகும். எனினும் அதனை வெறும் வழக்கமெனக் கொண்டு அமைதிபெற இயலாது. இறந்த ஒருவரது வாழ்விலிருந்து எதனை எடுத்துப் போற்றுவது, எதனைச் சொல்லாது விடுவது, அவருடைய பண்புகளை எந்தச் சொல்லால் ஒன்றோடொன்று இணைப்பது என்பனவெல்லாம் நினைவுகூர்வோர் செய்யும் தெரிவுகளாகும். அத்தெரிவுகளிலே நினைவுகூரப்படுபவரின் இயல்பைவிட நினைவுகூர்வோரின் எண்ணப்பாங்கு சில வேளைகளில் தெளிவாக வெளிப்பட்டுவிடுகின்றது. இறந்தவர் எழுந்து மறுப்புரைக்க இயலாதவர். ஆதலின் அவர்மீது வழங்கப்படும் தீர்ப்பு நேர்மையானதா என்பது அறவியலுக்குரிய வினாவாகின்றது. ஆபத்து நிறைந்த தொழிலொன்றை மேற்கொண்ட பெண், தாயாகவும் பாட்டியாகவும் இருந்துவிடின் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது.

ஒரு வாழ்வும் ஓர் இணைப்புச் சொல்லும்

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் விக்ரோறியா என்றொரு நகர் உளது. 1883ஆம் ஆண்டில் அந்நகரின் குடியேற்ற வரலாற்றை எழுதிய விக்ரர் றோஸ் என்பவர், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் மறைந்த மாக்கிரட் போர்லன்ட் என்ற பெண்மணியைப் பற்றியும் எழுதியுள்ளார். போர்லன்ட் அம்மையார் ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு உரிமை பூண்ட பண்ணைக்காரி, பல பிள்ளைகளின் தாய், பேரப்பிள்ளை கண்டவர். மணவுறவினால் அவருக்கு உறவினரான றோஸ், அவர் உறுதியான மனமும் தன்னையே நம்பி நிற்கும் இயல்பும் வாய்ந்தவர் என முதலிற் கூறுகின்றார். அடுத்து, அவர் மிகுந்த அன்புடைய தாய்மாருள் ஒருவர் என்கின்றார். இரண்டும் பாராட்டுக்களே. ஆயின் அவற்றுக்கிடையே, தமிழில் 'ஆயினும்' எனப் பொருள்படும் ஆங்கில இணைப்புச் சொல்லொன்று நிற்கின்றது. மனவுறுதி கொண்டவர், ஆயினும் அன்புள்ள தாய் என்பதே அவ்வாக்கியத்தின் போக்கு.

றோஸ் தீய நோக்கத்தோடு இவ்வாறு எழுதினார் என எவரும் கூறார். அவர் தம் காலத்து வழக்கின்படியே பாராட்டினார். ஆனால் ஓர் ஆடவனைப் பற்றி, அவன் துணிவுமிக்கவன், ஆயினும் நல்ல தந்தை என்று எழுதுவோர் மிக அரியர். அங்கே துணிவும் தந்தைமையும் எதிர்நிற்பனவாகக் கருதப்படுவதில்லை. பெண்ணிடத்தில் மட்டும் துணிவு தாய்மையைக் குறைக்கும் என்பது முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவாக இருக்கின்றது. அம்முடிவு சரியானதுதானா என்பதை அவ்வம்மையாரின் வாழ்வை முன்வைத்து ஆராய்தல் தகும்.

மாக்கிரட் 1824ஆம் ஆண்டில் அயர்லாந்திற் பிறந்தார். அப்பொழுது மெக்சிக்கோவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ரெக்சாசில் அயர்லாந்துக் குடியேறிகளுக்கென நிலம் வழங்கப்பட்டது. அக்குடியேற்றத்துக்குப் பெற்றோருடன் வந்த குழந்தைகளுள் அவரும் ஒருவர். சிறுமியாயிருந்தபோதே தந்தை கொலையுண்டார். பின்னர் அவர் மும்முறை மணம்புரிந்து மும்முறையும் கைம்பெண்ணானார். முதற் கணவர் மணமாகிய சிறிது காலத்துள் கைத்துப்பாக்கிச் சண்டையொன்றில் மாண்டார். இரண்டாமவரை 1852இல் வாந்திபேதி கொண்டது. மூன்றாமவரான அலெக்சாண்டர் போர்லன்ட் 1867இல் இறந்தார். அதே ஆண்டில் ரெக்சாசின் கரையோரப் பகுதிகளிற் பரவிய மஞ்சட் காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் பலரையும் பேரக்குழந்தை ஒன்றையும் பலிகொண்டது. இந்நோய் நுளம்பினாற் பரவுவது என்பது 1900ஆம் ஆண்டிலேதான் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. 1867இல் நோயாளியின் கட்டிலருகே இருந்து பணிவிடை செய்தவர்கள், தமக்கு ஆபத்து எத்திசையிலிருந்து வரும் என்பதை அறியாமலே அங்கிருந்தனர்.

கணவரின் மறைவுக்குப் பின் பண்ணையின் பொறுப்பு முழுவதும் அம்மையாரிடம் வந்தது. இதன் சட்டப் பின்னணி கவனிக்கத்தக்கது. ஸ்பானிய மரபிலிருந்து ரெக்சாஸ் பெற்றுக்கொண்ட சொத்துரிமைச் சட்டம், மனைவிக்குத் தனிச் சொத்தையும் மணவாழ்க்கையில் ஈட்டியவற்றில் பங்கையும் வழங்கியது. ஆனால் கணவன் உயிரோடிருக்கும்வரை அச்சொத்தின் நிருவாகம் அவன் கையிலேயே இருந்தது. எனவே ஒரு பெண் தன் சொத்தைத் தானே ஆளும் நிலை பெரும்பாலும் கைம்மையின் பின்னரே வாய்த்தது. துணிச்சலான பண்ணைக்காரி என்று பிற்காலத்தவர் போற்றும் உருவத்தை, மனவுறுதியோடு இறப்புக்களும் சட்டமும் சேர்ந்தே ஆக்கின என்பது இதனாற் புலப்படும்.

அக்காலத்துப் பொருளியல் நிலையும் இத்துடன் சேர்த்து நோக்கப்படவேண்டியதாகும். 1865இல் உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது ரெக்சாசில் மாடுகள் பெருகியிருந்தன, வாங்குவோர் இல்லை. மூன்று நான்கு டொலருக்கு மேல் விலைபோகாத மாடொன்று வடபகுதிச் சந்தைகளில் அதன் பத்து மடங்கு விலை பெற்றது. இடையே இருந்த பெருந்தூரத்தைப் புகைவண்டிப் பாதை இன்னும் கடக்கவில்லை. ஆதலால் மாடுகள் கன்சாஸ் மாநிலத்துப் புகைவண்டி நிலையங்கள்வரை கால்நடையாகவே ஓட்டிச் செல்லப்பட்டன. பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. ரெக்சாசிலோ செல்வம் என்பது உண்மையாகவே நான்கு கால்களுடன் நடந்து சென்றாலன்றிப் பணமாகாத நிலை இருந்தது.

1873ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் போர்லன்ட் அம்மையார் தம் மந்தையொன்றைக் கன்சாசிலுள்ள விச்சிற்றா நகருக்கு நடத்திச் சென்றார். மந்தையின் அளவு ஏறத்தாழ ஆயிரம் என ஒரு பதிவும் 2,500 என மற்றொரு பதிவும் கூறுகின்றன. வழி அறுநூறு மைலுக்கு மேற்பட்டது. கூலிக்கமர்த்திய மந்தையோட்டிகள் சிலருடன், பதினைந்து வயது நிரம்பாத இரு மைந்தர், ஏழு வயது மகள், ஆறு வயதுப் பேத்தி ஆகிய நால்வரையும் அவர் உடன் அழைத்துச் சென்றார். மந்தை விச்சிற்றாவை அடைந்தது. ஆனால் சில வாரங்களில், 1873 யூலை 5ஆம் திகதி, நோயுற்று அங்கேயே அவர் உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 49. அவரது உடல் விக்ரோறியாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றமை

இவ்வரலாற்றைக் கேட்போருள் ஒருசாரார் வியப்பர், மற்றொருசாரார் மனங்கலங்குவர். கலங்குவோரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மந்தை வழியின் ஆபத்துக்கள் கற்பனையானவையல்ல. இடியோசைக்கு வெருண்ட மாடுகள் இரவில் வெறிகொண்டோடும்போது எதிர்ப்பட்டவர் மிதியுண்டு இறந்தனர். பெருக்கெடுத்த ஆறுகளைக் கடக்கையில் குதிரையும் ஆளும் அமிழ்ந்த நிகழ்ச்சிகள் பல. முதிர்ந்தவர்கள் தாமாக விரும்பி இவற்றுக்குத் தம்மை உட்படுத்தலாம். ஆறு வயதுப் பேத்தியின் விருப்பம் கேட்கப்பட்டது எனக் கொள்வதற்கில்லை. தாயின் மறைவோடு அறியாத ஊரொன்றில் அப்பிள்ளைகள் துணையற்று நின்றனர். அத்துடன் அம்மையாருக்கு வேறு வழி இருக்கவில்லை என்றும் கூறிவிட முடியாது. பிறருடைய மந்தைகளைக் கூலிக்கு வடக்கே நடத்திச் செல்லும் ஒப்பந்தக்காரர் அக்காலத்தில் இருந்தனர். பலர் அவர்களிடமே தம் மாடுகளை ஒப்படைத்தனர்.

இவ்வாதத்தின் வலிமையை ஏற்றுக்கொண்ட பின்னரும் சில கூறவேண்டியுள்ளன. முதலாவது, இவ்வாதம் வீடு என்பது காவல், வழி என்பது ஆபத்து என்ற எடுகோளின் மீது நிற்கின்றது. போர்லன்ட் குடும்பத்தின் அனுபவமோ வேறு. அக்குடும்பத்துப் பிள்ளைகள் 1867இல் இறந்தது வெள்ளத்திலோ மாட்டின் காலடியிலோ அன்று. தாயின் கண்முன்னே, சொந்த வீட்டில், சொந்தப் படுக்கையிலேயே அவர்கள் இறந்தனர். ஒரே ஆண்டில் கணவரையும் மக்களையும் இழந்த தாயொருத்தி, எஞ்சிய பிள்ளைகளை விட்டுப் பல மாதங்கள் பிரிந்திருப்பதையே பெரிய ஆபத்தாகக் கண்டிருப்பின் அதிற் பகுத்தறிவுக்கு மாறானது எதுவுமில்லை. அவருடைய உள்ளத்தை இன்று ஊகித்து உறுதியாக உரைப்பது முறையாகாது. ஆனால் அவர் அன்பற்றவர் என்பதற்கு அப்பயணம் சான்றாகாது என்பதை உறுதியாகக் கூறலாம்.

இரண்டாவது, ஒரு தெரிவின் தகுதியை அதன் விளைவைக் கொண்டு அளத்தல் பற்றியது. ஆங்கில மெய்யியலாளரான பேணாட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், மனைவி மக்களை விட்டுத் தொலைதூரத் தீவொன்றுக்குச் சென்று ஓவியம் தீட்டும் கலைஞனொருவனை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். பிரெஞ்சு ஓவியரான கோகனின் வாழ்வைத் தழுவிய எடுத்துக்காட்டு அது. அக்கலைஞன் வெற்றி பெற்றால் அவனுடைய செயலுக்கு ஒருவகை நியாயம் பின்னர் கிடைத்துவிடும். தோல்வியுற்றால் அந்நியாயமும் இல்லையாகும். எனவே அறத்தீர்ப்பிலும் அதிர்ஷ்டம் புகுந்துவிடுகின்றது என்பது வில்லியம்ஸ் எழுப்பிய பிரச்சினை. போர்லன்ட் அம்மையார் மாடுகளை விற்ற பணத்துடன் ஊர் திரும்பியிருப்பின், பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகப் பாடுபட்ட விவேகமுள்ள தாய் என்று அதே உலகம் கூறியிருக்கும். விச்சிற்றாவில் அவர் நோயுற்றமை அவர் மேற்கொண்ட முடிவின் தன்மையை எவ்வாறு மாற்றும்?

இவ்வெடுத்துக்காட்டில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. மெய்யியலாளரின் கலைஞன் பிள்ளைகளை விட்டுச் செல்பவன். பண்ணைக்காரியோ பிள்ளைகளைக் கூட்டிச் செல்பவர். ஆடவனின் துணிவு வீட்டைத் துறந்து வெளியேறுவதில் தொடங்குகின்றது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. போர்லன்ட் அம்மையார் வீட்டைத் துறக்கவில்லை. அவ்வீட்டையே வண்டியிலேற்றி வழிக்குக் கொண்டுவந்தார். அவரது பயணத்தில் எது பண்ணைக்காரியின் செயல், எது தாயின் செயல் எனப் பிரித்துக் காட்டுவது எளிதன்று.

துணிவு என்பது யாது?

துணிவைப் பற்றிய மிகப் பழைய மெய்யியல் ஆராய்ச்சிகளுள் ஒன்று பிளேட்டோவின் 'லாக்கெஸ்' என்ற உரையாடலாகும். போர்க்கருவிப் பயிற்சி தம் மைந்தருக்குத் தேவைதானா என அறிய விரும்பிய தந்தையர் இருவர், படைத்தலைவர் இருவரிடம் அறிவுரை கேட்பதோடு அது தொடங்குகின்றது. அத்தந்தையர் தம்மைப் பற்றிக் கூறுவது சிந்தனைக்குரியது. அவர்கள் இருவரும் ஏதென்சின் புகழ்பெற்ற தலைவர்களின் மைந்தர். அவர்களுள் ஒருவரின் தந்தை 'நேர்மையாளர்' எனப் பெயர்பெற்ற அரிஸ்ரைடிஸ். தம் தந்தையர் பிறர் காரியங்களில் ஈடுபட்டிருந்தமையால் தம்மைக் கவனியாது வளரவிட்டனர் என்றும், அதனாலேயே தாம் புகழின்றி இருக்கின்றனர் என்றும் அவர்கள் குறைகூறுகின்றனர். ஆயினும் அரிஸ்ரைடிசை நினைவுகூரும் வரலாறு அவருடைய பொதுப்பணிக்கும் தந்தைமைக்கும் இடையே எந்த இணைப்புச் சொல்லையும் இட்டு எழுதுவதில்லை. மகனின் குறைகூறல் உரையாடலின் முகப்பிலேயே நின்றுவிட, தந்தையின் புகழ் குறைவின்றி நிலைத்தது.

அவ்வுரையாடலில் படைத்தலைவரான லாக்கெஸ், அணியில் நிலைபெயராது நின்று பகைவனை எதிர்ப்பதே துணிவு என்கின்றார். சோக்கிரட்டீஸ் இதனை ஏற்கவில்லை. கடலில் வரும் இடரிலும், நோயிலும், வறுமையிலும், துன்பத்திலும், தம் ஆசைகளை எதிர்த்து நிற்பதிலும் துணிவுடையோர் இருக்கின்றனர். இவை அனைத்துக்கும் பொதுவானது யாது எனக் கேட்கின்றார். பின்வந்த அரிஸ்டோட்டிலோ துணிவின் எல்லையை மீண்டும் சுருக்கினார். கடலிலும் நோயிலும் வரும் சாவை அஞ்சாதிருப்பது முழுமையான பொருளில் துணிவாகாது, போர்க்களத்துச் சாவின் முன் காட்டும் உறுதியே துணிவு என்பது அவருடைய அறநூலிற் காணப்படும் கருத்து. கோழைமைக்கும் அடங்காத் துணிச்சலுக்கும் இடைப்பட்டதே துணிவு என்ற அவரது விளக்கம் பயனுடையது. எனினும் நோயாளியின் கட்டிலருகை அவர் அப்பண்பின் களமாக ஏற்கவில்லை.

இவ்விரு கருத்துக்களுள் எதனைக் கொள்வது என்பது நினைவுகூர்தலை நேரடியாகப் பாதிக்கின்றது. போர்லன்ட் அம்மையார் இன்று நினைவுகூரப்படுவது 1873ஆம் ஆண்டின் பயணத்துக்காகவே. கணவன் துணையின்றித் தம் மந்தையைத் தாமே வடக்கே நடத்திச் சென்ற மிகச் சில பெண்களுள் ஒருவர் என்பதே வரலாற்று நூல்கள் அவருக்குத் தரும் இடம். அப்பயணம் அவர் வாழ்வின் இறுதிச் சில மாதங்கள். 1867ஆம் ஆண்டின் காய்ச்சற் காலம் அவ்வாறு பேசப்படுவதில்லை. ஆனால் சோக்கிரட்டீசின் அளவுகோலைக் கொள்ளின், காரணம் அறியாத கொள்ளைநோயின் நடுவே நோயுற்ற மக்களை விட்டகலாது இருந்தமையே அவருடைய வாழ்வின் பெருந்துணிவு எனத் தோன்றும். முதற் செயல் ஆடவர் செய்யும் தொழிலைப் பெண் செய்ததால் வியப்பாயிற்று. இரண்டாவது செயலைப் பல்லாயிரம் பெண்கள் செய்தமையால் அது இயல்பெனக் கருதப்பட்டு மறக்கப்பட்டது.

பிரெஞ்சுச் சிந்தனையாளரான சிமோன் டி போவா 1949இல் வெளியிட்ட பெண்ணிலை பற்றிய நூலில், உயிரை ஈவதற்கன்றி உயிரைப் பணயம் வைப்பதற்கே மனிதகுலம் உயர்வளித்து வந்துள்ளது எனச் சுட்டிக்காட்டினார். துணிச்சல்மிக்க பெண்களை நினைவுகூரும் இன்றைய ஆர்வமும் சில வேளைகளில் இவ்வளவுகோலை மாற்றாமலே விட்டுவிடுகின்றது. பெண்ணும் குதிரையேறினாள், பெண்ணும் துப்பாக்கி ஏந்தினாள் எனப் போற்றும்போது, ஏறியதும் ஏந்தியதுமே மதிப்புக்குரியன என்ற பழைய கணக்கு அப்படியே நிலைக்கின்றது. பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில், ஆடவனின் நற்பண்பு நகர்க் காரியங்களை நடத்துவது, பெண்ணின் நற்பண்பு வீட்டைக் காத்துக் கணவனுக்கு அடங்கியிருப்பது என மெனோ பிரித்துரைக்கின்றான். உடல்நலம் ஆணிடத்தும் பெண்ணிடத்தும் ஒன்றாயிருப்பதுபோல் நற்பண்பும் ஒன்றாயிருக்கலாகாதா என்பது சோக்கிரட்டீஸ் எழுப்பும் எதிர்வினா. அவ்வினாவைக் கடைப்பிடிப்போர்க்கு மந்தை வழியில் நின்ற துணிவும் கட்டிலருகே நின்ற துணிவும் ஒரே பண்பின் இரு நிலைகளாகவே தோன்றும்.

தாமே எழுதிய நினைவு

பிறர் எழுதும் நினைவில் இத்தகைய கோணல்கள் உண்டாயின், பெண் தன் வாழ்வைத் தானே எழுதிவிடுவது அதற்குத் தீர்வாகுமா என்ற வினா எழலாம். இதற்கு எலினோர் புறூவிற் ஸ்ரூவேட் என்பவரின் வாழ்வு பொருத்தமான சான்றாகும். டென்வர் நகரில் வீட்டுப் பணி செய்து பிழைத்த இவர், 1909இல் சிறு மகளுடன் வயோமிங் மாநிலத்துப் பண்ணையொன்றுக்குச் சென்றார். 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமது பெயரிலும் அரசநிலம் கோரினார். தம் பழைய எசமானியம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாக வெளிவந்தன. குழந்தையுடன் மலைக்குச் சென்று பனியில் அகப்பட்டு, புகை வந்த திசை நோக்கி நடந்து, தனித்து வாழ்ந்த முதியவரொருவரின் குடிலை அடைந்த நிகழ்ச்சி அக்கடிதங்களில் மகிழ்ச்சியுடன் கூறப்பட்டுள்ளது. ஏழைப் பெண்கள் நகரத்துச் சலவைத் தொழிலை விட்டு நிலம் கோரி வந்தால் தம் காலில் நிற்கலாம் என்பது அவர் வலியுறுத்திய செய்தி.

ஆனால் அவர் நிலத்துக்கு வந்த சில வாரங்களிலேயே பண்ணைக்காரரை மணந்துகொண்டார். சட்டச் சிக்கல் காரணமாகத் தம் உரிமைக் கோரிக்கையை 1912இற் கைவிட்டார். அந்நிலத்தை அவருடைய மாமியார் பெற்றுக்கொண்டார். இக்கைவிடல் அவரது நூலிற் கூறப்படவில்லை. முதற் கணவரை விபத்தில் இழந்த கைம்பெண்ணாகவே அவர் தம்மைக் காட்டினார்; உண்மையில் அவர் மணவிலக்குப் பெற்றவர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனைப் பொய்யென்று கடிந்துவிடுவது எளிது. மணவிலக்குப் பெற்ற பெண்ணின் வெற்றியை அக்கால வாசகர் ஏற்கமாட்டார், கைம்பெண்ணின் வெற்றியையே ஏற்பர் என்ற சமுதாய நிலையே அவருடைய பேனாவை வழிநடத்தியது எனலாம். றோஸ் எழுதிய 'ஆயினும்' இங்கே எழுதும் பெண்ணின் உள்ளத்திலேயே புகுந்துவிட்டது. தன்னை உலகம் ஏற்கவேண்டுமாயின் எதனை மறைக்கவேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனவே யார் எழுதுகின்றார் என்பது மட்டும் நினைவை நேர்மையாக்கிவிடாது. எந்த அளவுகோலின் முன் அது எழுதப்படுகின்றது என்பதும் மாறவேண்டும்.

ஒரே ஊரின் இரு பாட்டியர்

நேர்மையான நினைவுக்கு மற்றொரு தடையும் உண்டு. அது அன்பினால் வருவது. பேரப்பிள்ளைகள் பாட்டியைப் போற்றும்போது அவர் காலூன்றி நின்ற நிலத்தை வெறும் பின்னணியாகக் கொள்வர். விக்ரோறியா நகர் வெறுநிலத்தில் எழுந்ததன்று. அக்கரையோரம் கரங்கவா மக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த பகுதியாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் அவர்கள் கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் அந்நிலத்திலிருந்து அகற்றப்பட்டுவிட்டனர்.

1824ஆம் ஆண்டில், அதாவது போர்லன்ட் அம்மையார் அயர்லாந்திற் பிறந்த அதே ஆண்டில், மெக்சிக்கோவைச் சேர்ந்த மார்ட்டீன் டி லெயோன் என்ற பண்ணையாளர் விக்ரோறியாவை நிறுவினார். அவருடைய மனைவி பத்றீசியா தமது சீதனப் பணத்தையும் அக்குடியேற்றத்தில் இட்டார். அவர் பத்துப் பிள்ளைகளின் தாய். 1833இல் வாந்திபேதியாற் கணவரை இழந்தார். 1836இல் ரெக்சாஸ் மெக்சிக்கோவிலிருந்து பிரிந்தது. பிரிவினைக்கு உதவியிருந்தும் டி லெயோன் குடும்பத்தினர் மெக்சிக்கர் என்ற காரணத்தால் ஐயுறவுக்கு ஆளாகி ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர். நிலமும் மாடுகளும் பறிபோயின. மக்களுடனும் பேரப்பிள்ளைகளுடனும் நியூ ஒர்லீன்சுக்குச் சென்ற பத்றீசியா பல ஆண்டுகளின் பின் திரும்பிவந்தார். தாம் நிறுவ உதவிய ஊரில் உடைமை இழந்தவராக வாழ்ந்து 1849இல் மறைந்தார். ஆங்கிலம் பேசும் குடியேறிகளின் மாட்டுப் பண்ணைகள் அப்பகுதியிற் பெருகியது இந்நிகழ்ச்சிகளின் பின்னரேயாகும்.

இரு பெண்களும் தாய்மார், இருவரும் பாட்டியர், இருவரும் பிள்ளைகளோடு நெடுவழி நடந்தவர்கள். ஒருவரின் பயணம் துணிச்சற் பயணமென்றும் மற்றவரின் பயணம் நாடுகடத்தல் என்றும் பெயர்பெற்றன. டி லெயோன் குடும்பத்துக்கு நேர்ந்த அநீதிக்குப் போர்லன்ட் அம்மையார் பொறுப்பாளியல்லர். 1836இல் அவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஆனால் பொறுப்பாளியல்லர் என்பது வேறு, தொடர்பற்றவர் என்பது வேறு. ஒருவர் மேய்த்த புல்வெளியின் வரலாறும் அவருடைய வாழ்க்கை வரலாற்றின் பகுதியே.

1873ஆம் ஆண்டுப் பயணத்தில் உடன்சென்ற மந்தையோட்டிகளுக்கும் இது பொருந்தும். அக்காலத்து மந்தையோட்டிகளுள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் கறுப்பினத்தவர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். அவர்களிற் பலர் 1865வரை அடிமைகளாயிருந்தவர்கள். தொழிலின் நுட்பங்களும் கயிறெறியும் கலையும் பண்ணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுங்கூட மெக்சிக்க மாட்டிடையரிடமிருந்து பெறப்பட்டவை. மந்தைவழிக்குப் பெயர் தந்த ஜெசி சிசம் என்ற வணிகரின் தாய் செரோக்கி இனத்தவர். அவ்வழியோ கிழக்கிலிருந்து கட்டாயமாக வெளியேற்றப்பட்ட செரோக்கி முதலிய பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பிரதேசத்தின் ஊடாகச் சென்றது. மந்தையின் உரிமையாளரது பெயர் மட்டும் நினைவில் நிற்க, அதனை இரவும் பகலும் காத்தவர்களின் பெயர்கள் மறைந்துபோவதை இயல்பென ஏற்பது, பெண்ணின் உழைப்பை மறந்த அதே பழக்கத்தின் மற்றொரு வடிவமேயாகும். பெண்ணுக்கு நியாயம் வேண்டுவோர் இவ்வநியாயத்தைக் கண்டும் காணாதிருப்பின் அவர்தம் கோரிக்கை வலுவிழக்கும்.

இத்தகைய உண்மைகளைச் சேர்த்துக் கூறுவது மறைந்தவரின் பெருமையைக் குறைத்துவிடும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முழுவதும் ஆதாரமற்றதன்று. எல்லா வாழ்வையும் வரலாற்றுக் குற்றங்களின் பட்டியலாகச் சுருக்கிவிடுவதும் ஒருவகை மறதியே. அதில் தனிமனிதரின் உழைப்புக்கும் துயருக்கும் இடமிருக்காது. ஆனால் மாசற்ற உருவமாக வைக்கப்பட்ட பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைகள் கற்கக்கூடியது மிகக் குறைவு. அவருக்கும் தெரிவுகள் இருந்தன, அத்தெரிவுகளுக்கு விலை இருந்தது, அவ்விலையின் ஒரு பகுதியைப் பிள்ளைகளும் கூலியாட்களும் முன்னர் அங்கு வாழ்ந்தோரும் கொடுத்தனர் என அறியும்போதே, அவர் தம்மைப்போல் முடிவெடுத்து வாழ்ந்த மனிதராகப் புலப்படுகின்றார். சொத்துரிமை தலைமுறை கடந்து வருவதுபோல் அச்சொத்து வந்த வழிபற்றிய அறிவும் தலைமுறை கடந்து வருதல் வேண்டும்.

முடிவாக

துணிவும் தாய்மையும் தம்முள் முரணுவன என்ற எண்ணத்துக்குப் போர்லன்ட் அம்மையாரின் வாழ்வு இடந்தரவில்லை. அவருடைய துணிவினாலேதான் அவர் நல்ல தாயானார் என மறுதலையாகக் கூறி 'ஆயினும்' என்பதன் இடத்தில் 'ஆகவே' என்பதை வைப்பதும் சரியாகாது. அது பிள்ளைகள் எதிர்கொண்ட ஆபத்தை மறைத்துவிடும். தமிழ் இலக்கணத்தார் உம்மைக்குக் கூறும் பொருள்களுள் எண்ணுப்பொருளும் ஒன்று. ஒன்றை மற்றொன்றுக்கு எதிராகவோ காரணமாகவோ நிறுத்தாது, இரண்டையும் நிகராக எண்ணி வைப்பது அது. அவர் உறுதியும் அன்பும் உடையவராயிருந்தார். பிள்ளைகளைக் காத்தும் இருந்தார், ஆபத்துக்கு உட்படுத்தியும் இருந்தார். இழப்புக்களைத் தாங்கியும் இருந்தார், பிறர் இழந்த நிலத்தில் வாழ்ந்தும் இருந்தார். இவற்றுள் எதனையும் கைவிடாது ஒருங்கு எண்ணி வைப்பதே மறைந்தோருக்கு வாழ்வோர் செலுத்தக்கூடிய நேர்மையான கடனாகும். அதனைச் செய்யும் சமுதாயம், இன்று தன் நடுவே கட்டிலருகிலும் வயலிலும் தொழிற்சாலையிலும் பெயர் குறிக்கப்படாது நிற்கும் பெண்களின் துணிவையும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே அறிந்துகொள்ளும்.